நான்கு மோட்டார், ஒரே துணி: அடாப்டிவ் கண்ட்ரோல் சிமுலேஷனில் ஓடுகிறது, ரிக்கில் தடுமாறுகிறது

நாலாவது_ரோலர்

எல்லோருக்கும் வணக்கம். எம்.இ. ப்ராஜெக்ட். லேபில் சின்ன அளவில் ஒரு துணி லைன் கட்டியிருக்கிறோம், இதைத்தான் ரிக் என்கிறேன். துணியை அவிழ்த்து விடும் அன்வைண்டர், நடுவில் துணியைக் கவ்வி இழுக்கும் இரண்டு நிப் ரோலர், கடைசியில் சுற்றிக்கொள்ளும் வைண்டர், ஆக நான்கு சர்வோ மோட்டார், அவற்றை ஓட்ட நான்கு டிரைவ். ஓடுவது பனியன் துணி, சில சமயம் காய்ந்தது, சில சமயம் நனைத்துப் பிழிந்தது.

ஒவ்வொரு மோட்டாருக்கும் தனியாக ஒரு அடாப்டிவ் பேக்ஸ்டெப்பிங் கண்ட்ரோலர் எழுதியிருக்கிறேன், அதாவது ஓடும்போதே தன் எண்களைத் திருத்திக்கொள்ளும் வகை. உராய்வு, நிலைமம், துணியின் இழுவை என்று எதெல்லாம் தெரியாதோ அதையெல்லாம் ஆர்பிஎஃப் நியூரல் நெட்வொர்க் கற்றுக்கொள்ளும் என்று விட்டாயிற்று. சிமுலேஷனில் நான்கு வேகக் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரே கோடாகத் தெரிகிறது. ரிக்கில் போட்டால் வேகம் என்னவோ சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் துணி தொய்கிறது, பிறகு விறைக்கிறது, மறுபடி தொய்கிறது. ஒரு சுற்றுக்கு முப்பது நாற்பது விநாடி ஆகிறது. அடாப்டேஷன் கெயினை (கற்கும் வேகத்தை) ஏற்றினாலும் இதில் ஒரு மாற்றமும் இல்லை, மோட்டார் சத்தம்தான் கூடுகிறது.

இன்னொரு தொல்லை. ஒரே வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் நெட்வொர்க் வெயிட்டுகள் (அது கற்று வைத்திருக்கும் எண்கள்) மெதுவாக ஏறிக்கொண்டே போகின்றன. வேகப் பிழை கிட்டத்தட்ட பூஜ்யம். பிறகு எதைக் கற்றுக்கொண்டிருக்கிறது?

பேனல்போர்டு

தம்பி, முதலில் மூன்று விஷயம் சொல்லுங்கள். ரோலருக்கு ரோலர் எவ்வளவு தூரம், லைன் வேகம் என்ன, டென்ஷனை (துணியின் இழுவிசையை) எதை வைத்துப் பிடிக்கிறீர்கள், துணியோடு ஏறி இறங்கும் டான்சர் ரோலரா, விசையை அளக்கும் லோட் செல்லா? உங்கள் பதிவில் மோட்டாரைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது, துணியைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது.

நாலாவது_ரோலர்

மன்னிக்கவும் அண்ணா, விட்டுப்போயிற்று. ஒவ்வொரு ஸ்பானும் (ரோலருக்கு ரோலர் இடைவெளி) 2 மீட்டர். வேகம் நிமிடத்துக்கு 20 மீட்டர். மூன்று ஸ்பானிலும் லோட் செல் உண்டு. டென்ஷனுக்கு ஸ்பானுக்கு ஒரு பிஐ கண்ட்ரோலர் வைத்து, அதன் அவுட்புட்டை அந்தந்த மோட்டாரின் ஸ்பீட் ரெஃபரன்ஸில் (ஓட வேண்டிய வேகத்தில்) டிரிம்மாக, அதாவது சின்னத் திருத்தமாக, கூட்டுகிறேன். முதல் நிப் மாஸ்டர், அதற்கு டிரிம் கிடையாது.

பேனல்போர்டு

சரி, கணக்குப் போடலாம். 20 மீட்டர் என்றால் விநாடிக்கு 0.33 மீட்டர். 2 மீட்டர் ஸ்பானைத் துணி கடக்க 6 விநாடி. இரண்டு ரோலருக்கு நடுவே டென்ஷன் மாறுவதற்கான டைம் கான்ஸ்டன்ட் இதுதான், தூரம் வகுத்தல் வேகம். பின்னால் இருக்கும் ரோலரை ஒரு சதவீதம் வேகமாக ஓட்டினால் துணி உடனே ஒரு சதவீதம் நீண்டுவிடாது. உள்ளே இருக்கும் பழைய, நீளாத துணி வெளியே போய்ப் புது நீட்சி நிரம்ப வேண்டும், அதற்குத்தான் அந்த 6 விநாடி. உங்கள் மோட்டார் லூப் மில்லிசெகண்டில் வேலை செய்கிறது, துணி விநாடிக்கணக்கில் செய்கிறது. முப்பது நாற்பது விநாடி ஊசலாட்டம் என்றதும் மோட்டார் கண்ட்ரோலரில் கை வைக்கவே தேவையில்லை, அது வெளி லூப்பின், அதாவது டென்ஷன் பிஐயின், தகராறு.

தகராறு எங்கே என்றும் ஊகிக்கலாம். இரண்டாவது நிப்பின் வேகத்தை டிரிம் செய்தால் நடு ஸ்பான் சரியாகும். ஆனால் அதே ரோலர்தான் கடைசி ஸ்பானுக்குத் துணி ஊட்டுகிறது. நிப் வேகம் ஏறியதும் கடைசி ஸ்பான் தொய்யும், அங்கே இருக்கும் பிஐ வைண்டரை விரட்டும். போதாததற்கு நடு ஸ்பானில் நீண்ட துணி அந்த நீட்சியோடேயே அடுத்த ஸ்பானுக்குள் நுழையும், அது தாமதமாக வரும். வைண்டர் பிஐ இரண்டு தடவை ஏமாறுகிறது. நான்கு மோட்டாரும் தத்தம் ரெஃபரன்ஸை அப்பழுக்கில்லாமல் பின்தொடர்கின்றன, ரெஃபரன்ஸ்கள்தான் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன.

இதற்குப் பழைய வைத்தியம் ஒன்று உண்டு. வேக விகிதத்தை (ரேஷியோவை) சங்கிலியாகப் போடுங்கள். வைண்டரின் ரெஃபரன்ஸை லைன் வேகத்திலிருந்து எடுக்காமல், டிரிம் செய்யப்பட்ட இரண்டாவது நிப் ரெஃபரன்ஸிலிருந்து எடுங்கள். நிப் எவ்வளவு திருத்தப்படுகிறதோ அந்தத் திருத்தம் பின்னால் இருக்கும் எல்லோருக்கும் அப்போதே போய்விடும். பெருந்துறை பக்கம் ப்ராசஸிங் லைன்களில் இருபது வருடத்துக்கு முந்தைய பிஎல்சி ப்ரோக்ராமிலும் இது இருக்கும், பெயர்தான் ஒன்றும் இருக்காது.

லியாபுனோவ்_தாசன்

பேனல்போர்டு சார் சொன்னதோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் அவர் சொல்வது முக்கால் பங்குதான். சங்கிலி ஒரு பக்கமாகத்தான் ஓடும், முன்னால் இருப்பவனின் செய்தி பின்னால் இருப்பவனுக்குப் போகும், திரும்பி வராது. வைண்டர் திணறி வேகம் விழுந்தால் நிப்புக்குத் தெரியாது, அது பாட்டுக்குத் துணியைத் தள்ளிக்கொண்டே இருக்கும். இது மாஸ்டர்-ஸ்லேவின் பிறவிக் குறை.

இதற்காகத்தான் க்ராஸ் கப்ளிங் வந்தது. யோரம் கோரன் 1980-இல் இரண்டு அச்சு இயந்திரத்துக்காக இதை எழுதினார். ஒவ்வொரு அச்சின் சொந்தப் பிழையை மட்டும் பார்க்காமல், இரண்டு அச்சுக்கும் நடுவிலான பிழையைத் தனியாகக் கணக்கிட்டு இருவருக்கும் பிரித்துக் கொடுப்பது. மோட்டார் இரண்டுக்கு மேல் போனதும் எல்லோரையும் எல்லோரோடும் ஒப்பிட முடியாது, அதனால் பக்கத்து மோட்டாரோடு மட்டும் ஒப்பிடும் அட்ஜசென்ட் கப்ளிங், வட்டமாக முடிச்சுப் போடும் ரிங் கப்ளிங், சராசரியோடு ஒப்பிடுவது என்று கிளைகள் விட்டன. இப்போது வரும் கட்டுரைகளில் இதையே கிராஃப் தியரியில் எழுதுகிறார்கள். உள்ளே இருக்கும் கேள்வி பழையதுதான்: ஒருவன் பின்தங்கினால் மற்றவர்கள் அவனுக்காகக் காத்திருக்க வேண்டுமா?

தம்பியின் கண்ட்ரோலரில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. நான்கு தனித்தனி அடாப்டிவ் லூப்களை ஒரே கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். ஒருங்கிணைப்பு வேண்டும் என்றால் கற்றுக்கொள்ளும் விதிக்குள் போகும் பிழையிலேயே பக்கத்து மோட்டாரின் பிழையும் கலந்திருக்க வேண்டும். சொந்தப் பிழையோடு பக்கத்துக்காரனோடான வித்தியாசத்தை ஒரு எடை போட்டுக் கூட்டி, அந்தக் கலவையை வைத்து லியாபுனோவ் சார்பு (பிழை குறைந்துகொண்டே போகும் என்று நிரூபிக்க உதவும் சார்பு) கட்டினால் இரண்டும் சேர்ந்தே சுருங்கும். அந்த எடையை எவ்வளவு வைப்பது என்பதில்தான் உங்கள் லைனின் குணம் இருக்கிறது. அதிகம் வைத்தால் எல்லோரும் ஒற்றுமையாகத் தவறான வேகத்தில் ஓடுவார்கள். துணி லைனுக்கு அது பரவாயில்லை, துணி அறுவதைவிட லைன் வேகம் கொஞ்சம் விழுவது மேல்.

வெயிட் ஏறுவது பற்றி: ஒரே வேகத்தில் ஓடும்போது சிக்னலில் சத்து இல்லை. நெட்வொர்க்கில் டஜன்கணக்கான வெயிட்டுகள், வரும் தகவலோ ஒரே ஒரு இயக்கப் புள்ளி. எத்தனையோ வெயிட் கலவைகள் அதே விடையைக் கொடுக்கும். மிச்சம் இருக்கும் சின்ன ஆஃப்செட்டும் என்கோடர் இரைச்சலும்தான் பிறகு ஆசிரியர்கள். கற்றலை நிறுத்து என்று யாரும் சொல்லவில்லையே, அது ஆஃப்செட்டைக் கற்றுக்கொள்கிறது. 1980-களின் தொடக்கத்தில் கண்ட்ரோல் ஆராய்ச்சியாளர் ரோர்ஸும் அவரோடு இருந்தவர்களும் காட்டியது இதைத்தான். ஏட்டில் நிலையானது என்று நிரூபித்த அடாப்டிவ் விதிகள், மாடலில் சேர்க்காத ஒரு வேகமான டைனமிக்ஸும் சின்ன டிஸ்டர்பன்ஸும் சேர்ந்தால் மெல்ல மெல்ல நகர்ந்து ஒரு நாள் கவிழும்.

பின்செயின்

நான் ஸ்டென்டர் மெயின்டெனன்ஸ், துணியை இரு ஓரமும் பிடித்து விரித்து உலர்த்தும் மெஷின். இதெல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு டான்சர் ரோலும் ஒரு பிஐடியும் வைத்தால் முடிந்த கதைக்கு எதற்கு நியூரல் நெட்வொர்க்? டான்சர் ஏறினால் வேகம் குறை, இறங்கினால் கூட்டு. எங்கள் மெஷினில் இடது செயின், வலது செயின், மேலே துணியைக் கொஞ்சம் கூடுதலாக ஊட்டும் ஓவர்ஃபீட், வெளியே டெலிவரி ரோலர் என்று எல்லாம் இப்படித்தான் ஓடுகிறது. ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்குத் துணியின் எடை) தப்பினால் ஆபரேட்டர் ஓவர்ஃபீடைத் திருகுவார்.

லியாபுனோவ்_தாசன்

அண்ணே, கடைசி வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். அந்த ஆபரேட்டர்தான் உங்கள் அடாப்டிவ் கண்ட்ரோலர்.

பின்செயின்

:) அவருக்கு சம்பளம் கொடுக்கிறோம், அவர் வெயிட் ஏறினாலும் லைன் நிற்காது.

பேனல்போர்டு

பின்செயின் கேட்டதை சிரித்துவிட்டுக் கடந்துபோக வேண்டாம், அதுதான் இந்த இழையின் நல்ல கேள்வி. எதை அடாப்ட் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது?

வைண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். துணி ஏற ஏற ஆரம் வளர்கிறது. நிலைமம் ஆரத்தின் நான்காம் அடுக்கில் ஏறும், ஆரம் இரண்டு மடங்கானால் துணியின் நிலைமம் ஏறத்தாழ 16 மடங்கு. இதைப் பார்த்ததும் கட்டுரை எழுதுகிறவர்கள் 'தெரியாத, மாறும் அளவுரு' என்று எழுதி நெட்வொர்க்கிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். என்ன தெரியாதது? லைன் வேகத்தை வைண்டரின் கோண வேகத்தால் வகுத்தால் ஆரம் கையில். அதிலிருந்து நிலைமம், அதிலிருந்து ஆக்சலரேஷனுக்கு வேண்டிய டார்க், டென்ஷன் பெருக்கல் ஆரம் என்று பிடிப்பதற்கான டார்க், எல்லாம் நேர்க் கணக்கு. பிழை வரும்வரை காத்திருக்காமல் இதை முன்கூட்டியே ஃபீட்ஃபார்வேர்டில் போட்டுவிட்டால் அடாப்டேஷனுக்கு மிச்சம் வைக்க ஒன்றுமில்லை. ஸ்பான் டைம் கான்ஸ்டன்டும் அப்படியே, வேகம் தெரியும், தூரம் தெரியும், கெயினை வேகத்தோடு சேர்த்து மாற்றிக்கொள்ளலாம்.

நிஜமாகவே தெரியாதது எது என்றால் துணியின் விறைப்பு. ஒரே பனியன் துணி காய்ந்திருக்கும்போது ஒரு விதம், நனைந்திருக்கும்போது வேறு, உலர்த்தும் சேம்பருக்குள் சூடேறியபின் வேறு. டென்ஷன் லூப்பின் கெயினே அந்த விறைப்புதான். காய்ந்த துணிக்கு ட்யூன் செய்த பிஐ ஈரத்துணியில் தூங்கும், ஈரத்துக்கு ட்யூன் செய்தது காய்ந்த துணியில் ஆடும். பின்செயினின் டான்சர் இந்த மாற்றத்தின் பெரும்பங்கைத் தன் அசைவில் விழுங்கிவிடுகிறது, அதனால்தான் அவருக்குப் பிரச்சினை தெரியவில்லை. லோட் செல்லை மட்டும் நம்பும் லைனில் அந்த சொகுசு கிடையாது. இன்னொன்று உராய்வு. காலையில் கியர்பாக்ஸ் ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது டிரைவில் தெரியும் கரண்டும் மதியம் தெரியும் கரண்டும் ஒன்றல்ல.

ஆக, ஸ்பானுக்கு ஒரு விறைப்பு எண், மோட்டாருக்கு இரண்டு உராய்வு எண். இவ்வளவுதான் கற்க வேண்டியது. ஒவ்வொன்றுக்கும் இதற்குக் கீழே போகாது, இதற்கு மேலே போகாது என்று எல்லை நமக்கே தெரியும். அந்த எல்லையில் சுவர் கட்டிவிட்டால் ஏறிக்கொண்டே போகும் கதையும் இல்லை.

லியாபுனோவ்_தாசன்

ஒப்புக்கொள்கிறேன், அந்தச் சுவருக்கு ப்ரொஜெக்ஷன் என்று பெயர். கூடவே டெட்-ஸோனும் போடுங்கள், பிழை இரைச்சல் அளவுக்குள் இருந்தால் கற்காதே என்று. சிக்மா மாடிஃபிகேஷன் என்ற ஒன்றும் உண்டு, அளவுருவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பூஜ்யத்தை நோக்கிக் கசியவிடுவது. தியரியில் அழகு, ஆனால் நீண்ட நேரம் ஒரே வேகத்தில் ஓடும் லைனில் அது கற்றதை மறக்க வைக்கும். மறந்த பிறகு திடீரென ஒரு குலுக்கல் வரும், மறுபடி கற்கும், மறுபடி மறக்கும். பேப்பரில் பத்து விநாடி சிமுலேஷனில் இது தெரியவே தெரியாது.

பழைய உதாரணம் ஒன்று, கொஞ்சம் விலகல்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்-15 ராக்கெட் விமானத்தின் மூன்றாவது விமானத்தில் எம்எச்-96 என்ற அடாப்டிவ் கண்ட்ரோல் இருந்தது. 1967 நவம்பர் 15 அன்று மைக்கேல் ஆடம்ஸ் அதில் இறந்தார். மின் தொந்தரவு, விமானம் திசை திரும்பியது விமானிக்குப் புலப்படாமல் போனது என்று காரணங்கள் பல. கடைசிக் கட்டத்தில் அடாப்டிவ் அமைப்பு லிமிட் சைக்கிளில் (ஓயாத ஊசலாட்டத்தில்) மாட்டிக்கொண்டு, குறைக்க வேண்டிய கெயினைக் குறைக்கவில்லை என்பதும் அவற்றில் ஒன்று. ஆக்சுவேட்டர் அதன் எல்லையில் முட்டிக்கொண்டிருக்கும்போது அடாப்டேஷன் சொல்வதை நம்பக் கூடாது. நம் ஊர் மொழியில், டிரைவ் டார்க் லிமிட்டில் போய் உட்கார்ந்தால் கற்றலை நிறுத்து.

கியர்_இடைவெளி

தாமதமாக வருகிறேன். நான் துணி ஆள் இல்லை, பெரிய ஆன்டெனா சர்வோ. இங்கே எல்லோரும் ஒரு வகை மல்டி-மோட்டாரைப் பற்றியே பேசுகிறீர்கள், மோட்டார்களுக்கு நடுவே நீளும் பொருள் இருக்கும் வகை. இன்னொரு வகை, ஒரே பெரிய கியரில் பல மோட்டார்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது. புணே பக்கம் இருக்கும் ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியில் 45 மீட்டர் விட்டத்தில் 30 டிஷ்கள். அந்த அளவு இரும்பைக் காற்றில் அசையாமல் ஒரு புள்ளியை நோக்கிப் பிடிக்க வேண்டும் என்றால் கியரில் ப்ளே (பற்களுக்கு நடுவிலான இடைவெளி, பேக்லாஷ்) இருக்கக் கூடாது. அதனால் அச்சுக்கு இரண்டு மோட்டார் வைத்து, ஒன்றை இந்தப் பக்கமும் ஒன்றை அந்தப் பக்கமும் கொஞ்சம் இழுக்க வைத்துப் பல்லை எப்போதும் ஒட்டியே வைத்திருப்பார்கள். கவுண்டர் டார்க் என்போம்.

இங்கே வேகத்தை ஒருங்கிணைப்பது பெரிய காரியமே அல்ல, கியரே அதைச் செய்துவிடும். டார்க்கை எப்படிப் பங்கு போடுவது என்பதுதான் காரியம். இரண்டு மோட்டாருக்கும் இன்டெக்ரல் உள்ள ஸ்பீட் லூப் போட்டால் ஒரு நுகத்தில் கட்டிய இரண்டு மாடு ஆளுக்கொரு பக்கம் போவது மாதிரி, என்கோடரில் கடுகளவு வித்தியாசம் இருந்தாலும் இரண்டும் எதிரெதிராக முழு டார்க் வரைக்கும் ஏறிவிடும். தண்டு நிற்கும், மோட்டார் கொதிக்கும்.

அடாப்டேஷனுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. பல் இடைவெளியைக் கடக்கும் அந்தக் கணத்தில் மோட்டார் லோடைத் தொடவில்லை, அதன் சொந்த நிலைமம் மட்டும்தான். லோடைக் கணிக்கும் எஸ்டிமேட்டருக்கு என்ன தெரியும்? கொடுத்த டார்க்குக்கு வேகம் தடாலென்று ஏறியதைப் பார்த்து, லோடு காணாமல் போனது என்று எழுதிக்கொள்ளும். அடுத்த கணம் பல் மறுபக்கம் மோதும், அப்போது கண்ட்ரோலரிடம் தவறான எண் இருக்கும். பேக்லாஷை டெட்-ஸோனாக எழுதி, டிஃபரன்ஷியேட் பண்ண வசதியாக அதை வழவழப்பான ஒரு சார்பாக மாற்றிவிடுகிறார்கள் கட்டுரைகளில். நிரூபணத்துக்கு அது உதவும், பல் மோதும் சத்தத்தைக் குறைக்காது. இடைவெளிக்குள் இருக்கும்போது லோடு சம்பந்தப்பட்ட எண்களை உறைய வைப்பதுதான் உதவும். லோடு வளரும்போது கவுண்டர் டார்க்கைக் குறைத்துக்கொண்டே வந்து இரண்டு மோட்டாரும் ஒரே பக்கம் இழுக்கவிடலாம், அந்த மாற்றத்தையும் மெதுவாகச் செய்ய வேண்டும்.

தம்பி, உங்கள் நிப் ரோலரில் கியர்பாக்ஸ் இருக்கிறதா? லைன் நிறுத்தும்போது டென்ஷன் திசை மாறினால் இதே கதை உங்களுக்கும் வரும்.

நாலாவது_ரோலர்

இருக்கிறது அண்ணா, பிளானட்டரி.

முதலில் பேனல்போர்டு அண்ணா சொன்ன ரேஷியோ சங்கிலியை மட்டும் போட்டேன், வேறு எதையும் தொடவில்லை. அந்த நீண்ட ஊசலாட்டம் கடைசி ஸ்பானில் கிட்டத்தட்ட அடங்கிவிட்டது. அடாப்டிவ் பகுதியை முழுசாக அணைத்துவிட்டு, டிரைவின் சாதாரண ஸ்பீட் லூப்பிலும் ஓட்டிப் பார்த்தேன், காய்ந்த துணியில் வித்தியாசமே கண்டுபிடிக்க முடியவில்லை. கைடிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் யோசிக்கிறேன். ஈரத்துணி போட்டதும் வித்தியாசம் வருகிறது, டென்ஷன் செட்பாயிண்டை மாற்றினால் போய்ச் சேர ரொம்ப நேரம் எடுக்கிறது. ஆக விறைப்பு எண்ணைத்தான் கற்க வேண்டும் போல. அதை எப்போது கற்பது? ஓடும்போது சத்து இல்லை என்கிறீர்கள்.

பேனல்போர்டு

கைடிடம் அப்படியே சொல்லுங்கள், ப்ளாட் இரண்டையும் பக்கத்தில் வைத்து. தீசிஸில் அதுதான் நல்ல அத்தியாயமாக இருக்கும்.

கற்பதற்கு: லைன் ஸ்டார்ட் ஆகும்போது ராம்ப், நிறுத்தும்போது ராம்ப், செட்பாயிண்ட் மாறும்போது. அப்போதுதான் ரோலர்களுக்கு நடுவே வேக வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இருக்கும், லோட் செல்லும் அசையும். இரண்டையும் வைத்து விறைப்பைத் திருத்துங்கள். நிலையான ஓட்டத்தில் எண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டு ஓடுங்கள். நனைவு நடுவில் மாறினால் டென்ஷன் தானாக அசையும், அசைந்ததும் கற்றல் திறக்கும். வேண்டுமென்றே சின்ன ஆட்டம் கொடுத்துக் கற்கலாம் என்றும் சிலர் சொல்வார்கள், துணியில் கோடு விழுந்தால் பையர் ரிஜெக்ட் பண்ணுவார், அதனால் நான் செய்யமாட்டேன்.

ரெஃபரன்ஸ் எந்த வழியில் போகிறது? மாட்பஸ் ஆர்டியூ நெட்வொர்க் என்றால் டிரைவ்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், கடைசி ஆளுக்குச் செய்தி போவதற்குள் முதல் ஆள் கிளம்பியிருப்பான். ராம்பில் கற்றுக்கொள்ளும்போது இந்தத் தாமதத்தையும் விறைப்பு என்று எழுதிவைத்துக்கொள்ளும்.

நாலாவது_ரோலர்

ஈதர்கேட், 1 மில்லிசெகண்ட். எல்லா டிரைவையும் ஒரே நேரத்துக்கு இசைக்கும் டிஸ்ட்ரிப்யூட்டட் க்ளாக் இருக்கிறது, ஆனால் ஆன் பண்ணவில்லை. இன்று பண்ணிவிடுகிறேன்.

பின்செயின்

நான் ஒன்று கேட்கிறேன். துணி ரோல் முடிந்ததும் அடுத்ததைத் தைத்து விடுவோம். அந்தத் தையல் மூட்டு லோட் செல்மேல் ஏறி இறங்கும்போது டென்ஷன் தூக்கிப்போடும், நிப்பிலும் ஒரு இடி இடிக்கும். டென்ஷன் அசைந்ததும் உங்கள் கண்ட்ரோலர் ஆளுக்குக் கற்றல் திறக்கும் என்கிறீர்கள். மூட்டைப் பார்த்து துணி இரும்பாகிவிட்டது என்று கற்றுக்கொள்ளமாட்டானா?

பேனல்போர்டு

கற்றுக்கொள்வான். நல்லவேளை கேட்டீர்கள். துணியை உருளைகளுக்கு நடுவே அழுத்தும் கேலண்டர் மெஷினிலும், துணியின் மேல் இழைகளை வெட்டும் ஷியரிங் மெஷினிலும் மூட்டு வருவதை முன்கூட்டியே பார்க்க சீம் டிடெக்டர் வைப்பார்கள், உருளையைத் தூக்கவும் பிளேடை விலக்கவும். அதே சிக்னலை எடுத்துக் கற்றலைப் பூட்டுங்கள். வேகம் தெரிவதால் எந்த ஸ்பானில் மூட்டு எப்போது இருக்கும் என்று எண்ணிவிடலாம், ஸ்பான் ஸ்பானாகப் பூட்டித் திறக்கலாம்.

நாலாவது_ரோலர்

எங்கள் ரிக்கில் சீம் டிடெக்டர் இல்லை. இப்போதைக்கு லோட் செல் சிக்னல் இவ்வளவு வேகத்துக்கு மேல் எகிறினால் பூட்டு என்று ஒரு வரி போடுகிறேன். டென்ஷன் மாற்றம் 6 விநாடி டைம் கான்ஸ்டன்டில் வருவது, மூட்டு ஒரு விநாடிக்குள் தாண்டிப் போய்விடும், இரண்டையும் பிரித்துவிடலாம் என்று நினைக்கிறேன். ஈரத்துணியில் மூட்டோடு ஓட்டிய லாக் கிடைத்ததும் இங்கே போடுகிறேன்.